எத்தனை பை வேண்டும்?

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டக் கண்ட பெற்றோருக்குப் பை என்றதும் 50 கிலோகிராம் சீமெந்தே நினைவுக்கு வரும். மணலும் சல்லியும் முற்றத்தில் தனித்தனியே குவிந்திருக்கும். ஒரு பங்கு சீமெந்து, இரு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி என மேசன் அளந்து குழைப்பின், அந்த ஒரு பையிலிருந்து ஏறத்தாழ 0.15 கன மீற்றர் கொங்கிறீற்றுக் கிடைக்கும். கனடாவில் நாம் வாங்கும் 30 கிலோகிராம் பையோ மூன்றும் சேர்ந்த உலர்கலவை. அதனுள் சீமெந்து சிறு பகுதியே. இவ்விரு பைகளையும் ஒன்றெனக் கொள்வோர் வேலையின் நடுவே கடைக்கு ஓட நேரிடும்.

பின்கதவுப் படியருகே 1.2 மீற்றர் நீளமும் அதே அகலமும் 10 சென்ரிமீற்றர் தடிப்பும் உடைய தளம் ஒன்றை அமைப்பதாகக் கொள்வோம். மாணவர்களே, முதலில் தடிப்பை 0.1 மீற்றராக மாற்றுங்கள். கனவளவு 1.2 × 1.2 × 0.1 = 0.144 கன மீற்றர். ஊரில் ஒரு சீமெந்துப் பையுடன் முடிந்துவிடும் வேலை இது.

இனி உலர்கலவையைப் பார்ப்போம். 30 கிலோகிராம் கலவையுடன் ஏறத்தாழ 2.5 லீற்றர் நீர் சேர, நிறை 32.5 கிலோகிராம் ஆகும். ஈரக் கொங்கிறீற்று ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 2300 கிலோகிராம் நிறையுடையது. ஆகவே ஒரு பை தருவது 0.014 கன மீற்றரே. 0.144ஐ 0.014ஆல் வகுக்க 10.3 வரும். இங்கே கிட்டிய முழுவெண் 10 என எழுதுதல் தவறு. 11 பைகள் வேண்டும்.

நீளத்தில் 2 சென்ரிமீற்றர் கூடினாலும் அந்த 11 பைகளே போதும். தடிப்பில் அதே 2 சென்ரிமீற்றர் கூடினால் 13 பைகள் தேவைப்படும். தோண்டிய நிலம் எங்கும் ஒரே மட்டமாய் இராது. எனவே ஐந்தாறு இடங்களில் ஆழம் அளந்து சராசரி காண்பதே நன்று. வேலிக் கம்பக் குழியில் இப்பிழை இன்னும் பெரிது. உருளையின் கனவளவில் ஆரை வர்க்கிக்கப்படுவதால், 25 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழி 30 ஆக அகன்றால் கனவளவு 1.44 மடங்காகும். ரொறன்ரோவில் உறைபனி கம்பத்தை மேலே தள்ளாதிருக்க ஏறத்தாழ 1.2 மீற்றர் ஆழம் தோண்டுவது வழக்கம். அவ்வாழத்தில் இவ்வேறுபாடு சிறிதன்று.

கலவை போதாதபோது நீரைக் கூட்டி நிரப்புவோர் உளர். அது கொங்கிறீற்றின் வலிமையைக் குறைக்கும். மீதியை மறுநாள் ஊற்றினாலோ, இரு நாள் வேலையும் சேருமிடத்தில் நீர் புகுந்து, குளிர்காலத்தில் உறைந்து, வெடிப்பை உண்டாக்கும். ஆகையால் ஓரிரு பைகள் கூடுதலாக வாங்குதலே சிக்கனம். பிரிக்காத பையை ஈரம் படாமல் வைத்தால் சில மாதங்கள் கெடாது.

மற்றொன்று: 11 பைகளின் நிறை 330 கிலோகிராம். சிறிய காரில் கொண்டுவருவோர் இரு தடவை போய்வருக.