ஸ்குரூவைப் பிடிப்பது மரம்

இந்தப் பாடத்தைப் படிப்பதற்கு முன் ஒரு ஸ்குரூவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட்வேர் கடையில் 8-ஆம் நம்பர், இரண்டு அங்குலம் என்று கேட்டால் கொடுப்பார்கள். நடுவில் ஓடும் கம்பிதான் அதன் தண்டு. தண்டைச் சுற்றிப் படிக்கட்டு மாதிரி ஏறுவது மரை. இந்த மரை மரத்தின் நாரை வெட்டி உள்ளே உட்கார வேண்டும். நார் நசுங்கிப் போனாலோ பிளந்து போனாலோ, எவ்வளவு விலை உயர்ந்த ஸ்குரூவும் வெறும் இரும்புத்துண்டுதான்.

நான் தளவாடப் பட்டறையில் வேலை செய்பவன். கிளைகளுக்குப் போகும்போது தம்பிகள் தாங்களே செய்த புத்தக அலமாரியையும் பெஞ்சையும் ஆசையோடு காட்டுவார்கள். “அண்ணே, ஸ்குரூ நல்லா டைட்டா இருக்கு, ஆட்டிப் பாருங்க” என்பார்கள். நான் ஆட்ட மாட்டேன், ஓட்டையைத்தான் பார்ப்பேன். ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டிவிடும். அதற்குக் கீழே பிள்ளைகள் சம்மணம் போட்டுச் சமய வகுப்பு படிக்கிறார்கள். பெஞ்சில் உட்காரப் போவது யாரோ ஒரு பாட்டி. அதனால் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முதல் வேலை துளை போடுவது. “ஸ்குரூதான் கூர்மையா இருக்கே, அப்படியே மிஷின்ல ஏத்திடலாமே” என்று கேட்பவர்கள் நிறைய. மென்மையான பைன் பலகையில் பல சமயம் தப்பித்துவிடலாம். நம் ஊர்க் கட்டைகளில் அது நடக்காது. செங்கால் மரத்தில் பாதியில் சிக்கித் தலை முறியும். ரப்பர் கட்டை ஓரத்தில் பிளந்துகொள்ளும். (நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய அதே மரம்தான். பால் வற்றி வெட்டப்பட்ட பிறகு, இன்று மேசை நாற்காலியாகக் கப்பல் ஏறுகிறது.) எந்த அளவில் துளை என்பதற்கு அட்டவணை வேண்டாம். டிரில் பிட்டை ஸ்குரூவுக்கு முன்னால் பிடித்துப் பாருங்கள். தண்டு மறைய வேண்டும், மரை மட்டும் இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்க வேண்டும். 8-ஆம் நம்பருக்கு மென்மரத்தில் 2.5 மி.மீ., கடினமரத்தில் 3 மி.மீ. சரியாக வரும்.

இது கீழ்ப்பலகைக்கு. மேல்பலகைக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது, அதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மேல்பலகையில் ஸ்குரூ தாராளமாகப் போய் வரும்படி 4.5 மி.மீ. துளை போட வேண்டும். ஏன் தெரியுமா? மரை இரண்டு பலகையையும் கடித்துக்கொண்டால் இரண்டும் ஒரே வேகத்தில்தான் நகரும். ஆரம்பத்தில் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருந்தால், கடைசி வரைக்கும் அந்த இடைவெளி அப்படியே நிற்கும். நீங்கள் முறுக்க முறுக்கக் கீழே உள்ள நார்தான் அரைபடும். மேல்துளை தளர்வாக இருந்தால் மரை கீழ்ப்பலகையை மட்டும் கடித்து இழுக்கும், தலை மேல்பலகையை அமுக்கும். அந்த அமுக்கத்தால்தான் இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கீழ்ப்பலகைக்குள் இருக்கட்டும். 18 மி.மீ. பலகைக்கு இரண்டு அங்குல ஸ்குரூ சொன்னது அதனால்தான்.

அடுத்தது மரத்தின் திசை. ஈர்க்குச்சி விளக்குமாற்றுக் கட்டை மனத்தில் வையுங்கள். குச்சிகள் ஓடும் திசையிலேயே இன்னொரு குச்சியைச் செருகினால் சுலபமாக உருவிவிடலாம். குறுக்கே செருகினால் கட்டு இறுகப் பிடித்துக்கொள்ளும். பலகையின் வெட்டுமுனையில் ஸ்குரூ ஏற்றுவது முதல் வகை. அலமாரித் தட்டுகள் பிடுங்கிக்கொண்டு வருவது பெரும்பாலும் இங்கேதான்: பக்கப்பலகை வழியாகத் தட்டின் முனையில் இரண்டு ஸ்குரூ, அவ்வளவுதான். தட்டுக்குக் கீழே, பக்கப்பலகையோடு ஒட்டி ஒரு தாங்குகட்டை அடித்துவிடுங்கள். எடை கட்டையில் உட்காரும், ஸ்குரூ பலகையின் முகத்தைக் கடிக்கும். பார்க்க அழகில்லை என்று சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

ஸ்குரூவிலும் ஆள் பார்க்க வேண்டும். சுவர் அட்டைக்கு அடிக்கும் கறுப்பு ஸ்குரூ மலிவு, எல்லார் வீட்டிலும் கிடக்கும். ஆனால் அது எளிதில் முறியும் இரும்பு. பெஞ்சுக் காலுக்கு வேண்டாம். வெளியில் மழை படும் இடத்துக்குத் துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். தலையில் கூட்டல் குறிக்கு நடுவே நான்கு சின்னக் கோடுகள் இருந்தால் அது போசிடிரைவ். அதற்குச் சாதாரண பிலிப்ஸ் பிட்டைப் போட்டால் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். இறுக்கமாகப் போகிற மரத்தில் மரையில் கொஞ்சம் மெழுகுவத்தி தேயுங்கள். கடைசி இரண்டு சுற்றைக் கையால் போடுங்கள். எங்கே நிறுத்துவது என்று மிஷினுக்குத் தெரியாது.

ஏற்கெனவே தளர்ந்த ஓட்டையா? பெரிய ஸ்குரூ தேடி ஓட வேண்டாம். மிச்சமிருக்கும் சாத்தே குச்சிகளைக் கழுவிக் காயவைத்து, வெள்ளைப் பசை தடவி, ஓட்டை நிறையும்வரை தட்டி இறக்குங்கள். ஒரு நாள் விட்டு, முனையை வெட்டிச் சமப்படுத்தி, புதிதாகத் துளை போட்டு அதே ஸ்குரூவை ஏற்றலாம். ஓட்டை நன்றாகத்தான் இருக்கிறது, கழற்றி மாட்டுகிறீர்கள் என்றால், முதலில் ஸ்குரூவைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றுங்கள். ‘டிக்’ என்று லேசாக ஓர் இறக்கம் கையில் தெரியும். பழைய மரைப்பாதை அது. அங்கிருந்து முன்பக்கம் திருப்பினால் புது வெட்டு விழாது.