கடைச் சாமானும் பிள்ளையின் கைவிரலும்

பிள்ளைகளின் கல்வி என்று பேச்செடுத்தால், எந்தப் பள்ளியில் சேர்ப்பது, எந்த டியூஷனுக்கு அனுப்புவது என்றுதான் நம் வியாபாரிகளில் பெரும்பாலோர் யோசிக்கிறோம். அந்தப் பிள்ளை தன் சட்டைப் பொத்தானைத் தானே போட்டுக்கொள்கிறதா என்று யோசிப்பவர் நம்மில் எத்தனை பேர்? இது அற்ப விஷயம் என்று எண்ண வேண்டாம். நாமும் அப்படி எண்ணித்தான் ஏமாந்தோம். அந்த அனுபவத்தையே இங்கு பாடமாகச் சொல்ல முன்வந்தோம்.

பினாங்கில் நாம் நடத்துவது சிறிய மளிகைக்கடை. நமது இளைய மகனுக்கு ஐந்து வயதானபோது பாலர் பள்ளி ஆசிரியை நம்மை அழைத்தார். “பையன் கதை சொல்கிறான், பாட்டுப் பாடுகிறான். ஆனால் பென்சிலைப் பிடித்து ஐந்து நிமிஷம் எழுதினால் கை வலிக்கிறது என்கிறான். சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க முடியாமல் அழுகிறான்” என்றார். நமக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்ததும் எழுத்துப் பயிற்சிப் புத்தகம் நாலு வாங்கி, தினம் ஒரு மணி நேரம் எழுத வைத்தோம். “கை வலிக்குது அத்தா” என்று அவன் சொன்னதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து அதட்டினோம். ஒரு மாதத்தில் அவன் பென்சிலைக் கண்டாலே ஓடத் தொடங்கினான்.

மறுபடியும் ஆசிரியையிடம் போனோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: “வீட்டில் இவன் கையால் என்ன செய்கிறான்?”

நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. சோறு ஊட்டுவது அம்மா. சப்பாத்து மாட்டிவிடுவது அக்கா. பள்ளிப் பையைத் தூக்குவது நாம். சாயங்காலம் கடையில் வியாபாரம் மும்முரமாக இருக்கும்போது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்து அவன் கையில் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடுவோம். பிள்ளை தொந்தரவு செய்யாமல் இருந்தான். நாமும் நிம்மதியாக இருந்தோம். அந்த நிம்மதிக்கு அவனுடைய கை விலை கொடுத்துக்கொண்டிருந்தது நமக்குத் தெரியவில்லை.

எழுத்துக்கு முன் கை

மனிதனின் மணிக்கட்டில் எட்டுச் சிறிய எலும்புகள் உண்டு. குழந்தை பிறக்கும்போது அவை குருத்தாகவே இருக்கின்றன. பிறகு ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு எலும்பாகின்றன. கடைசி எலும்பு தோன்ற ஏறத்தாழ ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரை ஆகும். தசைகளின் பலமும் ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. முதலில் கழுத்து, பிறகு முதுகு, தோள், அதன் பிறகே விரல் என்று வரிசையாக வருகிறது. ஓடி, ஏறி, தொங்கி, தூக்கி விளையாடாத பிள்ளைக்குத் தோளில் உறுதி இராது. தோளில் உறுதி இல்லாவிட்டால் விரல் சீக்கிரம் களைத்துப்போகும். அஸ்திவாரம் போடாமல் மாடி கட்ட முற்பட்டோம் என்பது அப்போதுதான் நமக்குப் புரிந்தது.

இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தவர் இத்தாலி நாட்டு டாக்டர் மரியா மாண்டிசோரி. 1907-ஆம் ஆண்டு ரோமாபுரியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் அவர் ஒரு பிள்ளைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகள் தண்ணீர் ஊற்றினர், மேசை துடைத்தனர், பொத்தான் போட்டுப் பழகினர். எழுத்தைக்கூட முதலில் சொரசொரப்பான காகிதத்தில் வெட்டி, விரலால் தடவிப் பார்க்கச் செய்தார். 1939-ஆம் ஆண்டு சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். நம் முன்னோர் திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகியதை நினைத்துப் பார்த்தால், இது நமக்கும் புதிதல்ல என்பது விளங்கும்.

கடையில் கிடைக்கும் பாடங்கள்

இதற்காக விலை உயர்ந்த விளையாட்டுச் சாமான் எதுவும் வாங்க வேண்டியதில்லை. நமது கடையிலும் அடுப்படியிலும் இருப்பவையே போதும். நாம் செய்து பார்த்தவற்றை இங்கே தருகிறோம்.

முதலாவது, விரலுக்குப் பலம். ரொட்டி மாவு பிசைதல், தேங்காய்ப்பூவைப் பிழிந்து பால் எடுத்தல், துணிக் கிளிப்புகளைக் கயிற்றில் மாட்டி எடுத்தல், போத்தல் மூடியைத் திருகித் திறத்தல் ஆகியவை உள்ளங்கைக்கும் விரலுக்கும் பலம் தருபவை. தவுகேயின் வேரைக் கிள்ளுவதும், கறிவேப்பிலையை உருவுவதும், அவித்த முட்டையை உரிப்பதும் பெருவிரலையும் ஆட்காட்டி விரலையும் சேர்த்து வேலை வாங்கும். பென்சில் பிடிப்பதற்கு வேண்டிய பிடியும் அதுவே.

இரண்டாவது, புலன்களுக்குக் கூர்மை. சீரகமும் சோம்பும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். கண்ணை மூடி முகர்ந்து எது எது என்று சொல்லச் செய்யுங்கள். ஒரு துணிப்பைக்குள் ஜாதிக்காய், பட்டை, ஏலக்காய், புளி ஆகியவற்றைப் போட்டு, பார்க்காமல் தொட்டுப் பெயர் சொல்லச் செய்யுங்கள். மூன்று டின்களில் அரிசி, பருப்பு, கடுகு போட்டுக் குலுக்கி, சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கச் செய்யுங்கள். அரைக் கிலோ பொட்டலத்தையும் ஒரு கிலோ பொட்டலத்தையும் இரு கையில் கொடுத்து எது கனம் என்று கேட்டு, பிறகு தராசில் வைத்துக் காட்டுங்கள். மிளகாய்த் தூளும் மிளகுத் தூளும் மட்டும் இந்த விளையாட்டில் வேண்டாம்.

மூன்றாவது, கணக்கும் ஒழுங்கும். ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையிடம் சில்லறையைக் கொடுத்துப் பிரிக்கச் சொல்லலாம். 2012-ஆம் ஆண்டு முதல் வழங்கும் நாணயங்களில் 5, 10 காசு வெள்ளி நிறம். 20, 50 காசு பொன் நிறம். முதலில் நிறம் பார்த்தும், பிறகு அளவு பார்த்தும், கடைசியில் மதிப்பு பார்த்தும் பிரிக்கப் பழகினால், கணக்குப் பாடம் பாதி முடிந்தது. கைலியை முனையோடு முனை சேர்த்து மடிப்பதும் இவ்வகையே.

நான்காவது, தன் காரியம் தானே. சோற்றை விரலால் பிசைந்து தானே உண்ணுதல், தட்டைக் கழுவி வைத்தல், பொத்தான் போடுதல், ஒளுச் செய்யும்போது வரிசை தவறாமல் உறுப்புகளைக் கழுவுதல் ஆகியவை ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. நமது வீடுகளில் தங்கை தட்டுக் கழுவ, அண்ணன் கைகட்டி உட்காருவதைப் பார்க்கிறோம். அதில் நஷ்டம் அண்ணனுக்கே.

ஐந்தாவது, திறந்த வெளி. 2019-ஆம் ஆண்டு உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிவுரைப்படி, ஒன்று முதல் நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிஷமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும். இரண்டு முதல் நான்கு வயது வரை திரை பார்ப்பது ஒரு மணி நேரத்துக்கு மேற்படலாகாது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டாம். வெளிச்சத்தில் தினம் இரண்டு மணி நேரம் விளையாடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பும் குறைகிறது.

எச்சரிக்கை

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் பயறு, கொட்டை, நாணயம் போன்ற சிறு பொருள்களைக் கொடுக்கலாகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். முழு நிலக்கடலை ஐந்து வயதுவரை தின்னக் கொடுக்க வேண்டாம். விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான பொத்தான் பேட்டரியை எட்டாத இடத்தில் வையுங்கள். ஒன்றரை வயதாகியும் நடக்காத குழந்தையையும், தெரிந்த பழக்கத்தை இழந்துவிட்ட குழந்தையையும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் சொல்வது பிள்ளையிடம் வேலை வாங்குவதல்ல. மூட்டை தூக்க வைப்பதும், பாடத்தை விட்டுக் கடை பார்க்க வைப்பதும் தவறு. பத்து நிமிஷம் போதும். பிள்ளைக்கு அலுப்பு வந்தால் நிறுத்திவிட வேண்டும். பருப்பு சிந்தும், தண்ணீர் கொட்டும், கோபிக்கலாகாது. ஒரு துணியைக் கொடுத்து அவனையே துடைக்கச் சொல்லுங்கள், துடைப்பதும் பாடமே.

உண்மையில் நமக்குக் கடினமாக இருந்தது இந்தப் பொறுமைதான். வாடிக்கையாளர் காத்திருக்கும்போது, அரைக் கிலோ பருப்பை ஒரு சின்னக் கை சிந்திச் சிந்தி அள்ளுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது வியாபாரிக்குச் சுலபமல்ல. முதல் வாரம் இரண்டு முறை கரண்டியைப் பிடுங்கிவிட்டோம். பிறகு கூட்டம் இல்லாத பிற்பகல் நேரத்தை அவனுக்கென்று ஒதுக்கினோம்.

ஆறு மாதம் ஆயிற்று. பையனின் எழுத்து இன்னும் கோணல்தான். ஆனால் கை வலி என்று சொல்வதில்லை. பள்ளிக்குப் புறப்படும்போது பொத்தான் போட்டுவிட நாம் கை நீட்டினால், “நானே போடுறேன் அத்தா” என்று விலகிக்கொள்கிறான். ஒரு பொத்தானை மாற்றிப் போட்டுவிட்டு, அவிழ்த்து மறுபடியும் போடுகிறான். நாம் கடிகாரத்தைப் பார்க்காமல் நிற்கப் பழகிக்கொண்டோம்.

சகோதரர்களே, இன்றைக்குக் கடையில் பிள்ளை உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால், கைத்தொலைபேசியைக் கல்லாவுக்குள் வைத்துவிட்டு, ஒரு தட்டில் கொஞ்சம் சோம்பும் சீரகமும் எடுத்து வையுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.