அரங்கன் அகன்றதும் மீண்டதும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



முன்பொரு உத்ஸவத்தில், தீர்த்தம் பெற்றுக்கொண்ட முதியவர் ஒருவர் அடியேனைப் பார்த்து, "ஸ்வாமி! திருவரங்கத்தில் பகைவர் புகுந்தபோது பெருமாளே ஊரை விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று என்கிறார்களே. தம்மையே காத்துக்கொள்ளாதவர் நம்மைக் காப்பது எங்ஙனம்?" என்று கேட்டார். அவர் நாஸ்திகர் அல்லர்; அண்மையில் மகனை இழந்தவர். ஆகவே அக்கேள்வியைத் தள்ளிவிட அடியேனுக்கு மனம் வரவில்லை. அதற்கான ஸமாதானத்தை இங்கே ஒருவாறு விண்ணப்பிக்கிறேன்.

முதலில் வரலாறு. கி.பி. 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பால் திருவரங்கம் ஒருமுறை துன்புற்றது. அதனினும் பெரிய ஆபத்து 1323இல் வந்தது. டில்லி இளவரசன் உலூக்கானின் சேனை தெற்கே இறங்கியபோது, கோயிலில் உத்ஸவம் நடந்துகொண்டிருந்தது என்று கோயிலொழுகு கூறும். மூலவர் ஸந்நிதியைக் கல்திரையிட்டு மறைத்தனர். உத்ஸவரான அழகிய மணவாளனை, முதுமையால் தளர்ந்திருந்த பிள்ளை லோகாசார்யர் சிலருடன் எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே சென்றார். ஊரில் நின்றவர்களில் பன்னீராயிரம் பேர் தலை கொடுத்தனர் என்பது ஸம்ப்ரதாயம்.

அன்று ஸ்வாமி வேதாந்த தேசிகனும் திருவரங்கத்தில் இருந்தார். ஸ்ரீபாஷ்யத்துக்கு ஸுதர்சன ஸூரி இயற்றிய ச்ருதப்ரகாசிகை என்னும் விரிவுரையையும், அவருடைய புதல்வர் இருவரையும் காக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. பிணக்குவியலின் நடுவே ஓலைச்சுவடியோடும் குழந்தைகளோடும் மறைந்து கிடந்து, பின்னர் மேல்கோட்டைப் பக்கம் சென்று சேர்ந்தார் என்று பெரியோர் ஸாதிப்பர். அஞ்சாமையை வேண்டியும், அரங்கநகர் அச்சம் நீங்கவேண்டியும் அபீதிஸ்தவத்தை அருளிச்செய்தவர் அவரே.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பொன்னும் மணியும் நிறைந்த கோயிலிலிருந்து அன்று ஆசார்யர்கள் தேடி எடுத்துச் சென்றவை யாவை? ஒருவர் திருமேனியைக் காத்தார். ஒருவர் நூலையும் குழந்தைகளையும் காத்தார். எம்பெருமான், சாஸ்த்ரம், அடுத்த தலைமுறை ஆகிய இம்மூன்றும் எஞ்சினால் மற்றவற்றை மீண்டும் கட்டிக்கொள்ளலாம் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

பிள்ளை லோகாசார்யர் மதுரைக்கு அருகிலுள்ள ஜ்யோதிஷ்குடியில் திருநாடு அலங்கரித்தார். அரங்கன் திரும்பியதை அவர் கண்ணாரக் காணவில்லை. ஆயினும் இறுதிக்காலத்தில், மதுரையில் அரசுப் பணியில் ஆழ்ந்திருந்த திருமலையாழ்வாரை ஸம்ப்ரதாயத்துக்கு மீட்டுவரும்படி சிஷ்யர்களுக்கு நியமித்தார். அவரே பின்பு திருவாய்மொழிப்பிள்ளை ஆனார். 1370இல் அவதரித்த மணவாள மாமுனிகள் அவருடைய சிஷ்யர். அம்மாமுனிகளே பிற்காலத்தில் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டுக்காலம் ஈடு காலக்ஷேபம் ஸாதித்தார். ஜ்யோதிஷ்குடியில் நட்ட விதை அரங்கத்தில் காய்த்தது.

அழகிய மணவாளனோ மலைநாடு, மேல்கோட்டை, திருமலை எனப் பல இடங்களில் மறைந்து எழுந்தருளியிருந்தார். விஜயநகரத்துக் குமார கம்பணரின் வெற்றிகளுக்குப் பின், கோபணார்யர் திருமலையிலிருந்து அவரைச் செஞ்சிக்கு எழுந்தருளப்பண்ணி, சக ஆண்டு 1293இல், அதாவது கி.பி. 1371இல், திருவரங்கத்தில் மீண்டும் ப்ரதிஷ்டை செய்வித்தார். கோயில் மதிலில் இன்றும் உள்ள வடமொழிச் சுலோகக் கல்வெட்டு இதற்குச் சான்று.

ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. இடையில் வேறொரு உத்ஸவ மூர்த்திக்கு ஆராதனம் நடந்துவந்தது. முன்பிருந்தவர் யார் என்று அறிந்து சொல்ல ஆளில்லை. அப்போது கண்பார்வை இழந்த முதிய ஈரங்கொல்லி ஒருவரை அழைத்தனர். பெருமாள் சாற்றிக் களைந்த பரிவட்டங்களை முன்பு துவைத்து, அந்த ஈரவாடைத் தீர்த்தத்தைப் பருகிப் பழகியவர் அவர். இரு மூர்த்திகளின் ஈரவாடைத் தீர்த்தத்தையும் பருகி, "இவரே நம்பெருமாள்" என்றார். அன்று முதல் அதுவே திருநாமமாயிற்று. துன்பக்காலத்தில் துணைநின்ற மற்றைய மூர்த்தியையும் விலக்கிவிடவில்லை; திருவரங்க மாளிகையார் என்ற திருநாமத்தோடு அவரும் ஆராதிக்கப்படுகிறார்.

இனி ஸமாதானம். அர்ச்சாவதாரத்தில் எம்பெருமான் தன் ஸ்வாதந்த்ர்யத்தை மறைத்துக்கொண்டு, உண்பதும் உடுப்பதும் எழுந்தருளுவதும் அடியார் கையை எதிர்பார்த்தே என்று இருக்கிறான். இது இயலாமை அன்று. நம்மைக் கைவிடாமைக்காக அவன் ஏற்ற எளிமை. அடியார் ஊரிழந்து காட்டில் திரிந்தபோது, அவனும் அவர்களோடு காட்டில் திரிந்தான். தலை கொடுத்தவர்கள் மீளவில்லையே எனில், சரணாகதி உடலுக்கு எழுதித்தந்த காப்பு அன்று. "உன்னை விடேன்" என்பதே அவன் தந்த வாக்கு. வாளின் கீழும் அவர்கள் அவனை விடவில்லை. அவனும் அவர்களை விட்டிலன் என்ற உறுதியே மஹாவிச்வாஸம்.

அந்த முதியவர் இதைக் கேட்டு நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "அப்படியானால் அவனும் என் வீட்டுத் துக்கத்தில் இருந்திருக்கிறான்" என்று மட்டும் சொல்லி, சடாரி ஸாதிக்கும்படி தலை குனிந்தார்.

இந்த உத்ஸவத்தில் பெருமாள் ஸ்ரீபாதம் தாங்குவாருடைய தோளில் எழுந்தருளி வரும்போது, அன்று காட்டுவழியில் அவரைச் சுமந்த பெயரறியாத் தோள்களையும் நினைத்துக்கொள்வோமாக. பக்கத்தில் ஒரு குழந்தை நின்றால், அதைத் தூக்கிக் காட்டி ஸேவிக்கச் செய்வோமாக. காத்துக் கொடுப்பது என்பது அங்கே தொடங்குகிறது.

அடியேன் ராமாநுஜதாஸன்.