வழக்கமும் சட்டமும்: பெண்ணின் சொத்துரிமை வளர்ந்த வரலாறு

ஒரு நாட்டின் சட்டம் எங்கிருந்து பிறக்கின்றது? மாணவரைக் கேட்டால் பாராளுமன்றத்தில் என்பர். அவ்விடை பிழையன்று, முழுமையானதும் அன்று. பாராளுமன்றம் தோன்றுமுன்னரே சட்டம் மக்களின் வழக்கத்தில் வாழ்ந்தது. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம். ஆதலின், எல்லோரும் அறிந்த குடும்பச் சொத்தினையும் அதில் பெண்ணுக்குள்ள உரிமையினையும் கொண்டு, நம் நாட்டுச் சட்டம் வளர்ந்த வகையைக் காண்போம்.

1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்திற்கு வகுத்த திட்டம், வாரிசு, திருமணம் முதலியவற்றில் இந்துக்களுக்குச் சாஸ்திரமும் இஸ்லாமியர்க்குக் குர்ஆனும் சட்டம் என்றது. ஆங்கில நீதிபதிகளுக்குப் பண்டிதர்கள் சாஸ்திரப் பொருள் உரைத்தனர். ஆனால் நூலில் எழுதியிருப்பது ஒன்று, ஊரில் நடப்பது வேறொன்று. ஜைனருக்கெனத் தனி நீதிநூல்கள் இருந்தும் நீதிமன்றங்கள் அவற்றை அறியவில்லை. நம்மவர் தம் நூல்களைப் பிறர் கையில் கொடுக்கத் தயங்கியதும் அதற்கொரு காரணம் என்பது, 1926-ல் ஜைன சட்டம் பற்றி நூல் எழுதிய பாரிஸ்டர் சம்பத்ராய் ஜெயின் அவர்களின் குறை.

1862-ல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் உயர் நீதிமன்றங்கள் நிறுவப்பெற்றன. அவற்றிற்கும் மேலாக இலண்டனில் பிரிவி கவுன்சில் இருந்தது. 1868-ல் இராமநாதபுரம் ஜமீன் வழக்கு அங்கு முடிவாயிற்று. கணவர் அனுமதி தந்ததற்குச் சான்றில்லாத நிலையில், உறவினர் சம்மதத்துடன் ராணியார் எடுத்த சுவீகாரத்தை மதுரைக் கலெக்டர் ஒப்பவில்லை. பிரிவி கவுன்சிலோ அச்சுவீகாரம் செல்லும் என்றது. தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்கம் ஏட்டு விதியினும் வலியது என்னும் கொள்கை இதனால் நிலைபெற்றது.

பத்தாண்டு கழித்து 1878-ல், வடநாட்டு அகர்வால் ஜைனக் கைம்பெண் டாக்கோ என்பாரின் வழக்கு அதே மன்றத்தில் தீர்ந்தது. மகப்பேறில்லாத கைம்பெண், கணவர் தாமே ஈட்டிய சொத்தை முழு உரிமையோடு பெறுவாள். அவர் அனுமதியின்றியும் சுவீகாரம் எடுக்கலாம் என்னும் அவர்தம் வழக்கம் ஏற்கப்பட்டது. பிற கைம்பெண்களுக்கு அந்நாளில் பெரும்பாலும் வாழ்நாள் அனுபவ உரிமை மட்டுமே இருந்தமையை நோக்கின், இதன் அருமை விளங்கும்.

வெற்றிதான், அதன் விலை யாது? வழக்கம் உண்டு என்று கூறுபவரே அதனை மெய்ப்பிக்க வேண்டும். பல ஊர்ச் சாட்சிகளைத் திரட்டி, கடல் கடந்தும் வழக்காடப் பொருள் வேண்டும். கணவனை இழந்த பெண்களுள் எத்தனை பேருக்கு அது இயலும்? பல தீர்ப்புகளுக்குப் பின், சுவீகார உரிமையைப் பொறுத்தவரை மீண்டும் மீண்டும் சாட்சி தேட வேண்டாத நிலை பெரும்பகுதி ஜைனருக்கு வாய்த்தது. சென்னையும் பஞ்சாபும் விதிவிலக்காயின! நம் தமிழகத்துத் தாய்மார்க்கு அந்தக் கதவு திறக்கவில்லை. 1927-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரி, ஜைனர் இந்து சமயத்திலிருந்து பிரிந்தவர் அல்லர், அவர்தம் சமயம் ஸ்மிருதிகளினும் தொன்மையானது என்று கருதினார். ஆயினும் முந்தைய தீர்ப்புகள் குறுக்கே நின்றன. தனி வழக்கம் மெய்ப்பிக்கப்படாதவிடத்து இந்து சட்டமே என்னும் நிலை மாறவில்லை.

விடுதலைக்குப் பின் வழி மாறியது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா முடங்கியதும் 1951-ல் டாக்டர் அம்பேத்கர் அமைச்சர் பதவி துறந்தமைக்கு ஒரு காரணம். பின்னர் அம்மசோதா பகுதி பகுதியாக நிறைவேறியது. 1956 ஜூன் 17-ல் நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் ஜைனரையும் பௌத்தரையும் சீக்கியரையும் உள்ளடக்கியது. மாறான வழக்கங்களை நீக்கியது. அதன் 14-ஆம் பிரிவு பெண் பெற்றுள்ள சொத்தை அவளுக்கே முழு உரிமையாக்கியது. நம் தனிச் சட்டம் மறைந்தது என்று வருந்தும் பெரியோர் உளர். நாம் வருந்தவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சாட்சி கூறியும் தமிழ்நாட்டுக் கைம்பெண் பெறாததை ஒரு பிரிவு தந்தது. (2014-ல் ஜைனர் தேசியச் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டமையால் இவ்வாரிசுரிமை மாறிவிடவில்லை என்பதையும் இளைஞர்கள் அறிக.)

ஆயினும் பூர்விகக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குப் பிறப்பிலேயே உள்ள பங்கு மகளுக்கு இல்லாதிருந்தது. தமிழ்நாடு அதனை 1989-ல் திருத்தியது. அவ்வாண்டு மார்ச் 25-க்கு முன் மணமானோர்க்குப் பயனில்லை. நாடு முழுமைக்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9-ல் வந்தது. அந்நாளில் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுமா என்னும் ஐயத்தை, வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்ட் 11-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்னரே முறைப்படி நடந்த பாகப்பிரிவினைகள் மட்டும் மாறா.

இத்துணைக்குப் பின்னும் நம் இல்லங்களில் நடப்பது யாது? சீர்வரிசை செய்தாயிற்று என்று கூறி, விடுதலைப் பத்திரத்தில் மகளிடம் கையொப்பம் பெறுகின்றனர். பத்திரத்தைப் படித்துக் காட்டுவதும் இல்லை. அவள் விரும்பி விட்டுக்கொடுத்தால் அது தானம். அறியாமல் ஒப்பமிட்டால் அதற்குப் பெயர் வேறு. கையொப்பமிடுமுன் சொத்தின் விவரமும் தன் பங்கின் அளவும் அவள் கேட்டறிதல் வேண்டும். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பொருளில்லையே எனத் தயங்க வேண்டுவதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் சட்டத்தின்படி, பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டத் தலைநகரில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம்.