நரம்பு நோயும் விற்றமின் அளவும்: பல்லேகமவிலிருந்து சில பாடங்கள்

எனக்கு இருப்பது மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ். மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் நரம்புகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை உடலின் எதிர்ப்பு அணுக்களே தாக்கி அரிக்கும் நோய். முதலில் ஒரு கண்ணில் பார்வை மங்கியது. கண்ணை அசைத்தாலே வலித்தது. பிறகு இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது.

பல்லேகமவிலிருந்து கண்டி கிளினிக்குக்குப் போவதென்றால் இலுக்கும்புர, ரிவர்ஸ்டன், ரத்தோட்டை, மாத்தளை என்று மலை ஏறி இறங்க வேண்டும். ரிவர்ஸ்டனில் மூடுபனி இறங்கிவிட்டால் பஸ் ஊர்ந்துதான் போகும். இவ்வளவு தூரம் போகிறவர்களுக்கு எந்தப் பரிசோதனையை முதலில் எடுப்பது, டொக்டரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தால் அலைச்சல் குறையும்.

முதலில் பி12 பாருங்கள்

கால் மரத்தல், நடையில் தள்ளாட்டம், இருட்டில் சமநிலை தவறுதல் எல்லாம் விற்றமின் பி12 குறைந்தாலும் வரும். அந்தக் குறைவும் மயலினையே கெடுக்கும். ஆனால் அது ஊசியால் சரிசெய்யக்கூடியது. காலம் கடந்தால் சேதம் நிரந்தரமாகிவிடலாம். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள், சீனி வியாதிக்கு நெடுங்காலம் மெட்ஃபோர்மின் குடிப்பவர்கள், வயிற்றில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், வயதானவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும்.

பி12ஐ உறிஞ்ச உதவும் வயிற்றுப் புரதத்தை உடலே எதிர்ப்பதும் உண்டு. அதனால் வரும் இரத்தச்சோகை ஒரு காலத்தில் உயிர்கொல்லி. 1926இல் மைனொட்டும் மேர்பியும் நோயாளிகளுக்கு ஈரலைத் தினமும் உண்ணக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். 1934இல் விப்பிளோடு சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஈரலிலிருந்த அந்தச் சத்து பி12 என்று பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான்.

பி12 விஷயத்தில் இரண்டு எச்சரிக்கைகள். "நரம்புத் தளர்ச்சி" என்று சொல்லி பி12 ஊசி போட்டுக்கொள்வதற்கு முன்பே இரத்தம் கொடுத்துவிடுங்கள். ஊசிக்குப் பிறகு எடுக்கும் அளவு உண்மையைக் காட்டாது. மற்றது ஃபோலிக் அமிலம். அதை மட்டும் குடித்தால் இரத்தச்சோகை சரியானதுபோல் தெரியும். நரம்புச் சேதம் உள்ளே தொடரும். உணவில் பி12க்கு நெத்தலிக் கருவாடு, முட்டை, பால், தயிர் போதும். கீரையிலும் பருப்பிலும் அது இல்லை.

வெயில் ஊரிலும் டி குறையும்

என் விற்றமின் டி அளவு மில்லிலீட்டருக்கு 20 நனோகிராமுக்குக் கீழே இருந்தது. "இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில உனக்கு எப்படி மகள் அது குறையும்?" என்று பெரியம்மா கேட்டார். கருத்த தோலுக்கு வெயில் கூடுதல் நேரம் வேண்டும். நானோ நாள் முழுக்க அலுவலகக் கதிரையில். ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் தோல் விற்றமின் டி செய்யாது. அதற்கு வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

காலை இளவெயிலிலும் அந்தக் கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம்தான் பயன் தரும். எங்கள் பக்கம் அது பத்து மணிக்கே வந்துவிடும். விடுமுறை நாளில் அந்த நேரத்தில் முற்றத்துப் படங்கில் மிளகைப் பரப்புவேன். கையையும் முழங்காலுக்குக் கீழேயும் வெயில் படும்படி விட்டு, மிளகைத் துழாவிவிட்டு உள்ளே வந்துவிடுவேன்.

அதிக நேரம் நிற்க முடியாததற்கு நோயே காரணம். உடல் சூடேறினால் பழைய அறிகுறிகள் தலைகாட்டும். ஊத்தொஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1890இல் இதை எழுதிவைத்தார். எனக்கு எழுத்து மங்கத் தொடங்கினால் நிழலுக்குப் போய் முகத்திலும் பிடரியிலும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவேன், தெளிந்துவிடும். குளிர்ந்த பிறகும் தெளியாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது புதிய தாக்குதலாக இருக்கலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆராய்ச்சி சொல்வது எவ்வளவு?

பூமத்திய ரேகையிலிருந்து விலகிப் போகப் போக இந்த நோய் அதிகம் என்பது பழைய அவதானம். அமெரிக்கப் படையினரின் இரத்தத்தை ஆராய்ந்து 2006இல் வந்த ஆய்வில், விற்றமின் டி கூடியிருந்த வெள்ளையருக்கு நோய் குறைவாக வந்தது தெரிந்தது. கறுப்பின மக்களிடம் அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. எங்கள் தோலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

நோய் வந்த பிறகு டி கொடுத்தால்? 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வழக்கமான மருந்தோடு தினம் 5,000 அலகு குடித்தவர்களுக்கும் 600 அலகு குடித்தவர்களுக்கும் புதிய தாக்குதலில் வித்தியாசம் இல்லை. 2025இல் வந்த பிரெஞ்சு ஆய்வு வேறு மாதிரி. நோயின் முதல் அறிகுறி கண்டு, வேறு மருந்து தொடங்காதவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,00,000 அலகு கொடுத்தபோது, தாக்குதலோ ஸ்கேனில் புதிய தழும்போ கண்டவர்கள் 60 சதவீதம். டி இல்லாத போலி மருந்து குடித்தவர்களில் 74 சதவீதம். நம்பிக்கை தரும் செய்திதான். ஆனாலும் பெரும்பாலானோருக்கு நோய் நகர்ந்தே இருக்கிறது. அதனால் டியை நான் மருந்தோடு சேர்த்துக் குடிக்கிறேன், மருந்துக்குப் பதிலாக அல்ல.

கூடினாலும் ஆபத்து

விற்றமின் டி மிகுந்தால் இரத்தத்தில் கல்சியம் ஏறும். தாகம், வாந்தி, மலச்சிக்கல், பிறகு சிறுநீரகக் கேடு. பக்கத்து வில்கமுவ பகுதியில் சிறுநீரக நோய் எத்தனை குடும்பங்களை உலுக்கியிருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். கிரியேற்றினினும் கல்சியமும் பார்க்காமல் அதிக அளவு டி குடிக்க வேண்டாம்.

பி6 மிகுந்தால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கை காலை மரக்கச் செய்யும். பி கொம்ப்ளெக்ஸ் போத்தலில் அதன் மில்லிகிராமை வாசியுங்கள். தலைமுடிக்கென்று விற்கும் பயோட்டின், தைரொய்ட் போன்ற பரிசோதனைகளின் முடிவையே மாற்றிக் காட்டும். இரத்தம் கொடுக்கும்போது சொல்லிவிடுங்கள்.

கிளினிக்குக்குக் கொண்டுபோக

- குடிக்கும் எல்லா மாத்திரையின் அட்டையும், விற்றமின், ஆயுர்வேத மருந்து உட்பட.
- பழைய ரிப்போர்ட்டுகள். டி அளவை ஒப்பிடும்போது அலகைப் பாருங்கள்: மில்லிலீட்டருக்கு 20 நனோகிராம் என்பதும் லீட்டருக்கு 50 நனோமோல் என்பதும் ஒன்றே.
- ஒரு கேள்வி: "எனக்கு அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் பரிசோதனை தேவையா?" கண் நரம்பையும் முள்ளந்தண்டு வடத்தையும் தாக்கும் வேறொரு நோயை இது காட்டிக்கொடுக்கும். என் நோய்க்குத் தரும் சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும்.

குறைந்த விற்றமினை நிரப்புங்கள், டொக்டர் சொல்லும் இடைவெளியில் திரும்ப அளந்து பாருங்கள். நரம்பு டொக்டர் எழுதிய மருந்தை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று தோன்றும் மாதங்களிலும், ஒரு வேளையும் விடாதீர்கள்.