கொழுக்கட்டைக்கு என்ன முகவரி?

சமையல் குறிப்புத் தளம் தொடங்குகிறீர்கள், முதல் பதிவு கொழுக்கட்டை. அந்தப் பக்கத்தின் முகவரியில் எண் போடலாம், தமிழ் எழுத்திலேயே எழுதலாம், அல்லது தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதலாம்.

எண் உடையாது. ஆனால் 4172 என்று முடியும் சுட்டியைப் பார்த்து உள்ளே கொழுக்கட்டை வேகிறதென்று யாருக்குத் தெரியும்?

தமிழ் எழுத்து கண்ணுக்கு அழகு. தமிழ் விக்கிப்பீடியா அப்படித்தான் வைத்திருக்கிறது. கூகுளும் வாசகரின் மொழிச் சொற்களையே வைக்கச் சொல்கிறது. நகலெடுக்கும்போதுதான் வினை. ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் யுடிஎஃப்-8இல் 3 பைட். முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். 'தமிழ்' என்ற ஒரு சொல்லுக்கே 45. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் ஏதோ மோசடிச் சுட்டி போலிருக்கும். வேர்ட்பிரஸில் இப்படி விரிந்த வடிவத்துக்கு 200 எழுத்துதான் வரம்பு: 'பூண்டு மோர்க்குழம்பு செய்வது எப்படி' என்று தலைப்பிட்டால் முகவரி 'செய' என்பதோடு நின்றுவிடும். இன்னொன்று, 'கொ'வின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. வழங்கியோ 'பக்கம் இல்லை' என்று கையை விரிக்கக்கூடும்.

அதனால் என் ஓட்டு மூன்றாவதற்கு. அதிலும் ஒரு தலைவலி உண்டு: ழகரத்துக்கு இசட்-எச்சா, எல்-ஆ? ககரத்துக்கு ஒரு கே-யா, இரண்டா? இலக்கணம் பார்க்காதீர்கள். தேடல் பெட்டியில் தட்டச்சு செய்து, பரிந்துரையில் முதலில் வரும் எழுத்துக்கூட்டலை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்களுக்கு நடுவே சிறுகோடு போடுங்கள், அடிக்கோடு வேண்டாம். முகவரியில் உள்ள சொல்லுக்குத் தேடலில் கிடைக்கும் எடை சொற்பம். பக்கத் தலைப்பைத் தமிழில் ஒழுங்காக எழுதுவதுதான் பெரிய வேலை.

அடுத்தது அடுக்கு. முகவரிக்குள் 'சிற்றுண்டி' என்று ஒரு பிரிவை நுழைத்தால், நாளைக்குக் கொழுக்கட்டையை 'விநாயகர் சதுர்த்தி'க்கு மாற்றும்போது முகவரியும் மாறும். நல்ல முகவரி மாறக் கூடாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதிவிட்டார். பிரிவுகள் மெனுவில் இருக்கட்டும், முகவரி தளப்பெயருக்கு அடுத்து ஒரே படியில் முடியட்டும். தேதியும் வேண்டாம், செய்தித் தளமென்றால் அது வேறு கதை.

ஏற்கெனவே மாற்றித் தொலைத்துவிட்டீர்களா? பழைய முகவரி ஒவ்வொன்றையும் அதனதன் புதுப் பக்கத்துக்கு 301 (நிரந்தரத் திருப்பல்) கொடுத்துத் திருப்புங்கள். எல்லாவற்றையும் முகப்புக்குத் தள்ளினால், கொழுக்கட்டை கேட்டு வந்தவர் வாசலிலேயே திரும்பிப் போய்விடுவார்.