பிச்சாவரக் காடும் வனச்சட்டமும்

சிதம்பரத்திற்குத் தில்லையென்னும் பெயரளித்த மரத்தை நாம் காண விரும்பின், கிழக்கே கடலோரத்துப் பிச்சாவரம் செல்லல் வேண்டும். அங்குச் சுரபுன்னையும் வெண்கண்டலும் தில்லையும் உப்பங்கழிகளிடையே செறிந்துள்ளன.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் ஊராரின் அரிவாளுக்கு அஞ்சி எழுதப்பட்டது. காப்புக்காட்டினுள் அனுமதியின்றிப் புகுதலும் மரம் வெட்டலும் குற்றமாயின. ஆயினும் அச்சட்டத்தின் காவலிலேயே, 1970-களுக்கு முன்னர், அரசினரே பிச்சாவரத்தைப் பகுதி பகுதியாக முறைவைத்து முற்றும் வெட்டி வந்தனர். மரமிழந்த சேறு வெயிலிற் காய்ந்து தாழ்ந்தது, அப்பள்ளத்துட் புகுந்த ஓதநீர் மீள வழியின்றித் தேங்கி ஆவியாயிற்று, உப்பு மிகுந்தது, கன்றுகள் முளைத்தில. பழியோ விறகு பொறுக்குவோர்மேலும் கால்நடைகள்மேலும் விழுந்தது!

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வனத்துறையினரோடும் ஊராரோடும் கூடி, மீன்முள் வடிவிற் கால்வாய்கள் வெட்டி ஓதநீரை உலவச் செய்தனர். கண்டல் மீண்டும் தழைத்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, காட்டின் மறைவிலிருந்த சில ஊர்கள் பெருஞ்சேதமின்றித் தப்பின. 2022இல் இக்காடு ராம்சர் பட்டியலிலும் இடம்பெற்றது.

எனினும் ஊராரைக் கூட்டிக் காக்கும் முறை, 1990இல் மத்திய அரசு விடுத்த சுற்றறிக்கையைப் பற்றி வளர்ந்ததேயன்றிச் சட்டத்திற் பிறந்ததன்று. சுற்றறிக்கையை மற்றொரு சுற்றறிக்கை மாற்றிவிடலாம். 1882ஆம் ஆண்டுச் சட்டமோ தமிழ்நாட்டு வனச்சட்டமென்னும் பெயரோடு இன்றும் நடக்கின்றது. அதனுள் ஊராரின் பங்கை எழுதிச் சேர்த்தலே முதற்றிருத்தமாதல் வேண்டுமென்பது எம் கருத்து. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் நீர்நிலை மீன்களின்மீதும் வனவாழ்நர்க்கு உரிமை கூறுகின்றது. பிச்சாவரத்துக் கழிகளிற் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளரை அவ்வுரிமையோடு சேர்த்து நினைப்பார் இன்னும் சிலரே.